ஒரு வருஷம்கூடப் பொறுக்க முடியாதா?

மேடம், வணக்கம்.

எனக்கு வயது 67. மயிலாடுதுறையில் இருக்கிறேன். ரயில்வேயில் சேர்ந்து, பேரளம், திருவாரூர், கும்பகோணம் என்று பல ஊர்களில் வேலை பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. என் மனைவி போன வருஷம் ஐப்பசியில், சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் காலமானாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். தீபாவளிக்கு அவள் சுட்டுவைத்த முறுக்கு டின்னில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவள் போய்விட்டாள்.

என் துக்கத்தைப் பற்றி எழுத வரவில்லை. அது என்னோடு இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மனுஷி 39 வருஷம் ஒரு குடும்பத்துக்கு உழைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்காக ஒரு வருஷம்கூடப் பொறுக்க முடியாதா?

மகன், மருமகள், பேத்தி, பேரனோடு இருக்கிறேன். புரட்டாசி பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரே ஓட்டம். பேத்திக்கு டான்ஸ், பேரனுக்குச் சிலம்பம், மருமகளுக்குப் பதவி உயர்வு. ஆபீஸில் கேக் வெட்டினார்களாம், போனில் போட்டோ காட்டினாள். மகன் சனி, ஞாயிறு வந்தால் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம், கும்பகோணம் என்று போட்டிகளுக்குக் கிளம்பிவிடுகிறான். மாத காலண்டரில் ஒரு கட்டம் காலி இல்லை, எல்லாவற்றிலும் ஏதோ எழுதிவைத்திருக்கிறார்கள். வருஷத் திதி வருகிற நாளுக்கு நான்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

இந்த வருஷம் கொலு வைக்கவில்லை. அதுவரைக்கும் சரி. ஆனால் விஜயதசமி அன்று பேத்திக்குச் சலங்கை பூஜை வைத்துவிட்டார்கள். ஏழாவது படிக்கிற பெண். டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நாள் குறித்துவிட்டாராம், தனியாகத் தள்ளிவைக்க முடியாதாம். பாட்டி இறந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் பட்டுப் பாவாடை, பூ, மேளம். நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். ராத்திரி திரும்பி வந்து சலங்கையோடு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றது குழந்தை. நான் தூங்குவதுபோல இருந்துவிட்டேன். இத்தனைக்கும் அவளை டான்ஸ் கிளாஸில் சேர்த்து, கையைப் பிடித்து வாரம் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போனதே என் மனைவிதான். அந்த நன்றிக்காகவாவது ஒரு வருஷம் பொறுத்திருக்க வேண்டாமா?

போட்டோ விஷயம் வேறு. ஹாலில், வாசலைப் பார்த்த சுவரில் அவள் படத்தை மாட்டியிருந்தேன். யார் வந்தாலும் முதலில் அவள் முகம்தான் தெரியும். ஆவணியில் வெள்ளை அடித்தபோது கழற்றினார்கள். அப்புறம் சமையலறைக்குப் பக்கத்தில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டிவிட்டாள் மருமகள். கேட்டதற்கு, "இங்கேதான் நாங்க எல்லாரும் உட்காருவோம் மாமா" என்கிறாள். வருகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று.

எதிலும் அவள் இஷ்டம்தான். புரட்டாசி அமாவாசைப் படையலையே சொல்கிறேன். முதல் நாள் என்னிடம் வந்து, "அத்தைக்குப் பிடிச்சது என்னென்ன செய்யணும் மாமா?" என்று கேட்டாள். வாழைக்காய் வறுவல், சேப்பங்கிழங்கு ரோஸ்ட், பருப்புப் பாயசம் என்று சொன்னேன். (யோசித்துப் பார்த்தால் அதெல்லாம் எனக்குப் பிடித்தது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.) அவள் அதையும் செய்து, இலையில் கூடவே சுண்டைக்காய் வற்றல் குழம்பு, அப்புறம் ஒரு பிடி ஆரஞ்சு மிட்டாயும் வைத்தாள். ஆரஞ்சு மிட்டாய் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். படையல் இலைக்கு முன்னால் சிரிப்பு என்ன வேண்டியிருக்கிறது? அது போகட்டும். தானாக முடிவு எடுப்பதாக இருந்தால் என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

இப்போது தீபாவளி வருகிறது. திதிக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறது. வருஷம் முடியவில்லை, துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அது இவர்களுக்கும் தெரியும். அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மருமகளின் அம்மா வீட்டிலிருந்து பலகாரம் வருகிறதாம். பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாகிவிட்டது. பேரன் மத்தாப்பு மட்டும் கொளுத்தட்டுமா என்று கேட்கிறான். மத்தாப்பு மட்டுமாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. திதி அன்று பேரனுக்குத் தஞ்சாவூரில் சிலம்பப் போட்டி. "காலையில கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடலாமாப்பா?" என்று கேட்டான் மகன். பெற்ற தாயின் முதல் திதியை! அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. பேசினாலும் ஆமாம், இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஐப்பசி பிறக்கிறது. எங்கள் ஊரில் துலா மாதம் விசேஷம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கங்கை முதலான நதிகளெல்லாம் அந்த மாதம் இங்கே காவிரியில் வந்து முழுகித் தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்வதாக ஐதீகம். ஐப்பசி முழுக்க விடியற்காலையில் துலாக் கட்டத்துக்குப் போய் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் அவள் அடுப்பு மூட்டுவாள். கடைசி நாள் கடைமுழுக்கு வரை விடமாட்டாள். போன வருஷம் நடுவில் நின்றுபோனது. நான் கூடப் போனதில்லை, முதலில் ட்யூட்டி, அப்புறம் எனக்குப் பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. இந்த வருஷம் அவளுக்காக நான் போகலாம் என்றிருக்கிறேன். மகனுக்கு நேரமில்லை. மருமகள், "நான் வரேன் மாமா" என்றாள். ஒப்புக்குச் சொல்வது எனக்குத் தெரியாதா?

பேரளத்தில் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடித்தனம் ஆரம்பித்த புதிதில், எனக்கு ராத்திரி ட்யூட்டி என்றால் அவளே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாள். பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, வண்டி ஒன்றை அனுப்பிவிட்டு நான் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள். அப்படி இருந்தவள். அவளை இந்த வீட்டில் ஒருத்தரும் நினைப்பதில்லை. பேச்சு எடுப்பதும் இல்லை. நான் அறைக்குள் வந்தால் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுகிறார்கள். திருப்பூரில் இருக்கும் மகளும் இப்போதெல்லாம் அண்ணிக்குத்தான் போன் செய்கிறாள்.

நான் கேட்பது அதிகமா? ஒரு வருஷம், அவ்வளவுதான். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், மயிலாடுதுறை.

*

அன்புள்ள ஐயா,

சலங்கை பூஜை, படம், பலகாரம், மத்தாப்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப் போவதில்லை. கடிதத்தை முதல் தடவை படித்தபோதே நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டு வரியில் நின்றுவிட்டேன். அவளுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டபோது உங்களுக்குப் பிடித்ததைச் சொன்னீர்கள். அடுத்து ஆரஞ்சு மிட்டாய். அதையும் சொல்லிவிட்டு, "அது போகட்டும்" என்று தாண்டிவிட்டீர்கள்.

அது போகவில்லை ஐயா. அன்றைக்கு அந்த இலைக்கு முன்னால் நின்றபோது உங்களுக்குள் ஏதோ சரிந்திருக்கிறது. 39 வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு எது பிடிக்கும் என்று உங்களால் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு நேற்று வந்தவள் என்று நீங்கள் நினைக்கும் மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வயசுப் பேத்திக்கும், சிலம்பம் சுற்றும் பேரனுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. அந்த மிட்டாய்க்குப் பின்னால் பாட்டிக்கும் அவர்களுக்கும் ஏதோ கதை இருக்கிறது. அந்தக் கதைக்கு வெளியே நீங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தீர்கள். வலித்திருக்கும். ஆனால் வலித்தது என்று யாரிடம் சொல்வது? "இவர்களுக்கு அவள் ஞாபகமே இல்லை" என்று கோபப்படுவது அதைவிடச் சுலபம்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எப்படி இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் பரிமாறுகிற பெண் கடைசியில்தான் சாப்பிடுவாள். ஆண்கள் எழுந்து கை கழுவி, வெற்றிலையோ பேப்பரோ கையில் எடுத்த பிறகு, அடுப்படியில் மீதியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவள் எதை இரண்டாவது தடவை போட்டுக்கொள்கிறாள், எதை ஒதுக்கிவைக்கிறாள் என்று பார்க்க அங்கே கணவன் இருப்பதில்லை. மருமகள் இருப்பாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை இருக்கும். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது பாருங்கள். பேரளம் பெஞ்சில் நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை அழகான காட்சி! அதிலும் சாப்பிட்டது நீங்கள்தான். வீட்டுக்குத் திரும்பிப் போய் அவர் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார்?

வேலையில் இருந்தவரை ட்யூட்டி ஒரு காரணம். பண்டிகை நாளில்தான் வண்டிகளில் கூட்டம், உங்களுக்கு ஏது தீபாவளி என்று நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள். ஆறு ஐப்பசி. துலாக் கட்டத்துக்கு ஒரு நாளாவது கூடப் போய்ப் படியில் உட்கார்ந்திருக்கலாம், முழுகியிருக்கத் தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு வெறும் ஆறுதல் சொன்னதாகிவிடும். ஆறுதலுக்காக நீங்கள் இவ்வளவு நீளக் கடிதம் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் குற்றச்சாட்டுகளை இன்னொரு தடவை, மெதுவாகப் படியுங்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பது மருமகளுக்குத் தெரியும். அதனால் தன் அம்மா வீட்டிலிருந்து வரவழைக்கிறார். துக்க வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பது நம் ஊரில் புதிதா என்ன? அவர் முறையை மீறவில்லை. உங்கள் முறையையும் காப்பாற்றி, இரண்டு குழந்தைகளையும் ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தை எடுத்துவைத்த இடத்தைப் பாருங்கள். ஹாலில் இருந்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் மூன்று வேளையும் பார்ப்பார்கள். வந்து போகிறவர்களுக்கு அஞ்சலி தெரிய வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். தன் மாமியார் இருந்து பழகிய இடத்திலேயே இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

சலங்கை பூஜையில் நான் முழுக்கப் பேத்தி பக்கம். அவளை அந்த வகுப்பில் சேர்த்ததும், கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் பாட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மேடையில் அன்றைக்கு யாரைப் பற்றி நினைத்துக்கொண்டு அந்தக் குழந்தை ஆடியிருக்கும்? பாட்டி ஆரம்பித்துவைத்த காரியத்தைப் பாட்டி இல்லாமலே முடித்துவிட்டு, அதைக் காட்டுவதற்கு ராத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். வீட்டில் பாட்டிக்கு அடுத்தபடி நீங்கள்தானே. தூங்குகிறவருக்கும் தூங்குவதுபோல இருப்பவருக்கும் வித்தியாசம் தெரியாத வயதில்லை அவளுக்கு.

வருஷம் திரும்புவதற்குள் நல்ல காரியம் கூடாது என்பதையும் எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை. வீட்டில் பெரியவர் இறந்தால், கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு வருஷத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துகிற பெரியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். துக்கத்தில் இருக்கும் வீடு சுருண்டு படுத்துவிடக் கூடாது என்று யாரோ யோசித்துத்தான் அப்படி வைத்திருப்பார்கள்.

உளவியலில் இதைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். துக்கம் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு நேரம் மனம் இழப்பிலேயே கிடக்கும். இன்னொரு நேரம் அதை விட்டுவிட்டு ஃபீஸ் கட்டும், போட்டிக்குப் போகும், கேக் வெட்டும். இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருவதுதான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒற்றைப் பாதையில் கிராசிங் போட்டவர் நீங்கள். ஒரு வண்டியை லூப் என்கிற பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தினால்தான் எதிர் வண்டி போக முடியும். லூப்பில் நிற்கிற வண்டி ரத்தானதாக எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் எழுதிவைப்பதில்லை. உங்கள் மகன் சிலம்பப் போட்டிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, அவனுடைய துக்கம் ரத்தாகிவிட்டதாக நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள்.

திதி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். முதல் திதியைப் போட்டியின் நேரத்துக்குத் தகுந்தபடி வளைக்க வேண்டாம். அது நிதானமாக நடக்க வேண்டிய நாள். பையனை வேறு யாராவது தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகட்டும், அல்லது இந்தப் போட்டியை அவன் விட்டுவிடட்டும், இன்னொன்று வரும். ஆனால் உங்கள் மகன் உங்களிடம் கேள்விதான் கேட்டான். "முடியாதுப்பா, அன்னிக்கு நீ என் கூட இரு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பேச்சை நிறுத்தியதால் அவனுக்கு என்ன புரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பேச்சு என்றதும் இன்னொன்று. நீங்கள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, மகள் அண்ணிக்குப் போன் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் மகள் யாருக்குப் போன் செய்வாள்? அம்மாவுக்கு. அம்மா உங்களிடம் வந்து, "பொண்ணு பேசினா, இப்படியாம்" என்று சொல்வார். பேரனுக்குக் காய்ச்சல், மகனுக்கு ஆபீஸில் தகராறு, எல்லாச் செய்தியும் அவர் வழியாகத்தான் உங்களுக்கு வந்திருக்கும். உங்கள் கோபமும் சந்தோஷமும் அவர் வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். அவர் போனதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. மனைவியை இழந்த ஆண்கள் என்னிடம் வரும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. ஒருத்தியை இழந்தவர், குடும்பத்தோடு இருந்த தொடர்பையும் சேர்த்து இழந்து நிற்பார். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1969-ல் காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அந்த வயதுக்காரர்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. நீங்கள் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் தூக்கம், பசி, வேளைக்கு மாத்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது அழுத்தினால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி என்ன செய்யலாம்? எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். புரியவைக்க வேண்டாம். போய்க் கேளுங்கள். சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "அந்த ஆரஞ்சு மிட்டாய் எதுக்கும்மா வெச்சே?" என்று மருமகளிடம் கேளுங்கள். விசாரணைக் குரலில் வேண்டாம், தெரியாதவர் கேட்பதுபோலக் கேளுங்கள், நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதே. பதில் என்னவாக இருக்கும் என்று எனக்கும் தெரியாது. டான்ஸ் கிளாஸ் முடிந்து திரும்பும் வழியில் ஏதாவது பெட்டிக்கடை இருக்கிறதோ என்னவோ. பதிலைக் கேட்டதும், "அவளுக்குச் சர்க்கரையாச்சே", "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். படையல் இலைக்கு முன்னால் வந்த சிரிப்பிலும் உங்கள் மனைவிதான் இருந்தார்.

இந்த 39 வருஷத்தில் அவரைத் தெரிந்துகொள்ளாமல் விட்டது உண்மைதான், ஆனால் இப்போதும் தெரிந்துகொள்ளலாம். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், திருப்பூரில் ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. மகன் பிறப்பதற்கு முன்னால் பேரளம் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்திய அந்தப் பெண்ணை இந்த வீட்டில் வேறு யாரும் பார்த்ததில்லை. இருட்டில் டிபன் கேரியரோடு பிளாட்பாரத்துக்கு வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து உங்களோடு என்ன பேசினார்? வண்டிச் சத்தத்துக்குப் பயந்தாரா, பழகிக்கொண்டாரா? பாட்டியை ஒரு சின்னப் பெண்ணாக உங்கள் பேத்தி நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அதை உங்களைத் தவிர யாரால் அவளுக்குச் சொல்ல முடியும்?

பேத்தியிடம் முதலில் வேறு ஒரு வேலை இருக்கிறது. சலங்கையைக் கட்டிக்கொண்டு வந்து எனக்கு ஆடிக் காட்டு என்று கேளுங்கள். அன்றைக்கு நான் தூங்கவில்லை, எனக்கு வருத்தமாக இருந்தது, அதனால் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்கும் வருத்தம் வரும் என்று தெரிந்தால் அவளுக்கும் தன் வருத்தத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும். மத்தாப்புக்குப் பேரன் உங்களிடம் அனுமதி கேட்டிருக்கிறான். கேட்காமலே கொளுத்தியிருக்கலாம், கேட்டிருக்கிறான். சரி என்று சொல்லுங்கள்.

துலாக் கட்டத்துக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்புக்குச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. விடிகாலை எழுந்து கிளம்பி நின்றால் தெரிந்துவிடும். உங்கள் மனைவி அங்கே யார் யாரோடு போவார், திரும்பும்போது எங்கே நிற்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஐப்பசி நீரில் உங்கள் உடம்புக்கு முழுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், காவிரி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்புறம் திதிச் சமையல். இந்தத் தடவை என்னென்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எல்லோரையும் உட்காரவைத்து, மகளையும் போனில் பிடித்து, அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாழைக்காய் வறுவல் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.